அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போகாதீர்கள்

கார் சர்வீஸில் ஒரு கீறல் விழுந்தால் "மேனேஜரைக் கூப்பிடு" என்று சத்தம் போடுகிறவர்கள்கூட, சைக்கிள் கடையில் வேலையைச் சொதப்பினால் வாயைத் திறப்பதில்லை. "விடுப்பா, சைக்கிள்தானே" என்று அடுத்த தெருக் கடைக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதல் கடைக்காரருக்குத் தான் எதைக் கெடுத்தோம் என்பதே தெரியாது. நாளைக்கு வருகிறவர் வண்டியிலும் அதையேதான் செய்வார். அதனால் என் கட்சி இதுதான்: அதே கடைக்குத் திரும்பப் போய் நில்லுங்கள்.

போன மாதம் மகளின் கியர் சைக்கிளுக்கு இரண்டு பெடலையும் மாற்றக் கொடுத்திருந்தோம். வாங்கி வந்த அன்று சாயங்காலமே, "இடது கால் ஒரு மாதிரி ஆடுதுப்பா" என்றாள். ஸ்டாண்டு போட்டுச் சுற்றிப் பார்த்தேன். வலது பெடல் நேராகச் சுற்றியது. இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மேலே சாய்ந்து கீழே இறங்கியது. கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கையில், பெடல் நுழையும் இடத்தைத் துடைத்தால், கிரீஸோடு சுருள் சுருளாக அலுமினியத் துருவல் வந்தது. மரை (திருகு ஏறும் வரி) அழிந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இடது பெடலுக்கு மரை தலைகீழாக இருக்கும். எல்லாத் திருகையும் முடுக்கும் பக்கம் சுற்றினால் இது கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெடல் அச்சில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். அதைப் பார்க்காமலோ, கோணலாக வைத்தோ ஸ்பேனரால் முடுக்கினால் என்ன ஆகும்? பெடல் அச்சு இரும்பு, கிராங்கு அலுமினியம். இரும்பு தனக்குத்தானே ஒரு புதுப் பாதையை வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். முடுக்குகிறவருக்கு நன்றாக இறுகியது போலத்தான் இருக்கும்.

மறுநாள் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்" என்றார். தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்கிடமும் இந்த வாக்கியம் ஸ்டாக்கில் இருக்கும். "அண்ணே, செட் ஆகாது, ஒருநாள் ரோட்டுல கழண்டு விழும். நீங்களே கழட்டிப் பாருங்க" என்றேன். கழற்றினார். பாதி மரை பெடலோடு வந்தது. அப்புறம் அவர் வாதாடவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கூடவே ஒன்றும் புரிந்தது. அவர் கை பழகியது பழைய இரும்புச் சைக்கிளில். அதில் கிராங்கைக் காட்டர் பின் என்ற ஆப்பு வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்குவார்கள். அங்கே சுத்தியல் நியாயமான கருவி. அந்த இரும்புக் கிராங்கு எத்தனையோ அடி தாங்கும். அலுமினியக் கிராங்கைக் கழற்ற அதற்கென்று புல்லர் வேண்டும், தட்டினால் உள்ளே இருக்கும் பேரிங் கெட்டுப்போகும். வண்டி மாறிவிட்டது, டூல்பாக்ஸ் மாறவில்லை. ஆனால் இது எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கும் காசு செலவில்லையே. அதைச் சொல்லாமல் கை வைப்பதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

கடைசியில் புதுக் கிராங்கை அவர் வாங்கிய விலைக்கே கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பாதி விலைதான் தருவேன் என்று நான் பிடிவாதம் பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை. பதிலுக்கு ஒன்று கேட்டேன்: ஸ்பேனரைத் தொடாமல் முதலில் விரலால் பெடலைச் சுற்றி ஏற்றுங்கள். நாலைந்து சுற்று விரலுக்கே உள்ளே போனால் மரை சரியாகப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே செய்தார்.

நீங்களும் காசு கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். வீலில் கோட்டம் எடுக்கக் கொடுத்தீர்களா? வீலைத் தூக்கிச் சுற்றுங்கள், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தால் வேலை முடியவில்லை. எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்கிற ஓவராயிலுக்குக் கொடுத்தீர்களா? பழைய பால்ரஸ் குண்டுகளைக் கேளுங்கள். குண்டு வராவிட்டால் வெளியே துணியால் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முப்பதாயிரம், நாற்பதாயிரம் போட்டு வாங்கி ஷோரூமில் சர்வீஸ் விடுகிறவர்கள் பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மோசமான பழுது வேலையும் சேவைக் குறைபாடுதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். தெருமுனைக் கடையில் போன ஒரு கிராங்குக்காக யாரும் அங்கே அலைய மாட்டோம், அலையவும் வேண்டாம். பேசித் தீர்க்கிற விஷயம் அது.

பிரேக்கில் மட்டும் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது. செயினுக்கு அடிக்கிற ஆயில் ஸ்பிரே டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில் பட்டால் பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துவிடும், பிடிக்காது. பெரும்பாலும் பேடையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படிச் செய்துவிட்டு "ரெண்டு நாள் ஓட்டுங்க, சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னால், அந்த வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள், உருட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு விஷயத்துக்குக் கடையை மாற்றலாம்.