வரலாறு படிக்காமல் அரசியல் சாசனம் எப்படிப் புரியும்?

ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி. சட்டப் படிப்பில் வரலாறு, அரசியல், பொருளாதாரம் எல்லாம் வேண்டாத சுமை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை ஏன் வந்தது என்று தெரியாத மாணவருக்கு, 1951இல் அந்த அரசாணை செல்லாது என்று தீர்ப்பு வந்த கையோடு அரசியல் சாசனத்தையே திருத்தி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம்தரும் 15(4) பிரிவைச் சேர்த்தது ஏன் என்று எப்படிப் புரியும்? மனப்பாடம்தான் செய்வார்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. மனு, பிராது, பத்திரம் எழுதும் பயிற்சியும் ஒரு கட்டாயத் தாள்தான், ஆனால் பல கல்லூரிகளில் பழைய மாதிரியைப் பார்த்து நோட்டில் எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அப்புறம் இன்டர்ன்ஷிப், சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் 20 வாரம் என்று சொல்கிறது, சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு வருபவர்கள் எத்தனையோ பேர். 2024 ஜூலையிலிருந்து குற்றவியல் சட்டங்கள் மூன்றுமே மாறிவிட்டன, பழைய வழக்குகளோ இன்னும் பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில்தான் நடக்கின்றன, இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அதற்கு நேரம் வேண்டுமென்று வரலாற்றில் கை வைக்காதீர்கள்.