அது ஊர்ப் பாட்டு இல்லை, எலிசபெத் காட்டன் பாட்டு

முந்தாநாள் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். இணையத்தில் ஒரு கிடார் குழுவில் ஒரு தம்பி 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பாட்டை வாசிச்சுப் போட்ட வீடியோ, அதுக்குக் கீழே 'இது எலிசபெத் காட்டன் பாட்டு' என்று நான் போட்ட ஒரே ஒரு வரி, அதுக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகள். நாலு பேர் இன்பாக்ஸில் வந்து "விடுங்கக்கா" என்றார்கள். விடலாம்னுதான் இருந்தேன். தூக்கம் வரவில்லை. நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமை இல்லாதவங்க தாண்டிப் போயிடுங்க.

தம்பி நல்லாத்தான் வாசிச்சார். அதில் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனா ஆரம்பிக்கும் முன்னால் "இது பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, யார் எழுதினதுன்னு தெரியாது" என்றார் பாருங்க, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. தெரியும் தம்பி. எலிசபெத் காட்டன். ஊர் அமெரிக்காவின் வட கரோலினாவில் சேப்பல் ஹில்லை ஒட்டின கார்பரோ. 1893-ல் பிறந்த கறுப்பினப் பெண். 'ஃப்ரெயிட் ட்ரெயின்' எழுதும்போது அவருக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயசு. வீட்டுப் பக்கத்தில் கூட்ஸ் வண்டி போகும். நான் செத்தா இந்தத் தெருக்கோடியில் புதைங்க, ஒன்பதாம் நம்பர் வண்டி போற சத்தம் கேட்டுட்டே கிடப்பேன் என்று அந்தக் குழந்தை பாட்டு கட்டியிருக்கிறது. அந்த வயசில் நான் பல்லாங்குழியில் அழுகுணி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன்.

கிடார் எப்படி வந்தது தெரியுமா? அண்ணன் வேலைக்குப் போனதும் அவருடைய பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பழகியது. பிறகு அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் 3.75 டாலருக்குச் சொந்தமாக ஒரு கிடார். அப்புறம் கல்யாணம், ஒரு மகள். சர்ச்சில் பெரியவர்கள் "உலகப் பாட்டெல்லாம் வேண்டாம்மா" என்றார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கிடாரைத் தொட்டதே அபூர்வம்.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒருத்தர் வருவார். வந்துட்டார். "சீகர் குடும்பம் கண்டுபிடிக்கலைன்னா அந்த வேலைக்காரம்மாவை யாருக்குத் தெரியும்?" இதுக்கு மட்டும் நாற்பத்தெட்டு லைக்.

அப்படியா? வாஷிங்டனில் லேன்ஸ்பர்க்ஸ் என்ற பெரிய கடையில் காட்டன் வேலை பார்த்தபோது ஒரு சின்னப் பெண் கூட்டத்தில் அம்மாவை விட்டுத் தொலைந்துபோனாள். பெகி சீகர். அவளைத் தேடிப் பிடித்து அம்மா ரூத் கிராஃபோர்ட் சீகரிடம் ஒப்படைத்தது காட்டன். ஆக, யாரை யார் கண்டுபிடிச்சாங்க சார்? அந்த அறிமுகத்தில்தான் அவர்கள் வீட்டு வேலைக்குப் போனார். ரூத் இசையமைப்பாளர், கணவர் சார்லஸ் இசையியல் அறிஞர், நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரிப்பதுதான் அந்த வீட்டின் தொழிலே. சுவரில் ஒரு கிடார் தொங்கியது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்து வாசித்திருக்கிறார். இத்தனை வயசிலும் திருட்டுத்தனமாகத்தான்!

அந்த வீட்டு மகன் மைக் சீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்ததும், அது 1958-ல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்ததும் பெரிய விஷயம்தான். பாட்டுக்கு அவர் பெயரை மீட்டதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் ஏன் மீட்க வேண்டி வந்தது? பெகி வளர்ந்து இங்கிலாந்து போய் 'ஃப்ரெயிட் ட்ரெயின்' பாட்டைப் பாடினார். அங்கே கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1957-ல் சாஸ் மெக்டெவிட் என்பவரின் பிரிட்டிஷ் இசைக்குழு நான்சி விஸ்கி என்ற பாடகியின் குரலில் வெளியிட, பிரிட்டன் தரவரிசையில் ஐந்தாம் இடம். இயற்றியவர் என்று வேறு இரண்டு பேர் பெயர். எழுதினவர் அதே நேரம் வாஷிங்டனில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். 'யார் எழுதினதுன்னு தெரியாது' என்பதும் இதுவும் அண்ணன் தம்பிதான். ஒருத்தன் பெயரை மாத்துறான், இன்னொருத்தன் அழிக்கிறான்.

"நாட்டுப்புறப் பாட்டுன்னா எல்லாருக்கும் சொந்தம், நீங்க ஏன் போலீஸ் வேலை பாக்கறீங்க?" சரி, பாதி ஒத்துக்கறேன். பாட்டு கை மாறும், வரி மாறும். காட்டனே அப்படிப் பகிர்ந்தவர்தான். 'ஷேக் ஷுகரீ' பாட்டுக்கு அடிகள் கட்டியது அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள். பதிவில் அதைப் பாடியதும் பன்னிரண்டு வயசுக் கொள்ளுப்பேத்தி. பகிர்வது வேற, பெயரை முழுங்குவது வேற. இதே குழுவில் போன மாசம் ஒருத்தர் எழுதின டேப் ஷீட்டை (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைக்கணும்கிற குறிப்பு) இன்னொருத்தர் பெயர் போடாமல் பகிர்ந்ததுக்கு மூணு நாள் பஞ்சாயத்து நடந்ததே, அப்போ எங்கே போச்சு இந்த 'எல்லாருக்கும் சொந்தம்'?

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னு கேட்டீங்கன்னா, நான் நொட்டாங்கை. ஒண்ணாம் வகுப்பில் ஸ்கேலால் முட்டியில் வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு. கல்யாண வீட்டில் இடது கையால் தாம்பூலப் பையை நீட்டிவிட்டு அத்தையிடம் வாங்கின பேச்சும். முப்பது வயசில் ஆசைப்பட்டு கிடார் வகுப்பில் சேர்ந்தால், மாஸ்டர் கிடாரைப் பிடுங்கித் திருப்பி மடியில் வைத்தார். "இந்தக் கையில் வாசிச்சா ஜென்மத்துக்கும் வராதும்மா." ரெண்டு வருஷம் வலது கையால் மல்லுக்கட்டினேன். வரவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, காட்டன் வாசிக்கிற ஒரு கறுப்பு வெள்ளை வீடியோ. வலது கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிடாரை அப்படியே தலைகீழாகப் பிடித்திருக்கிறார். சன்னக் கம்பி மேலே, தடித்த கம்பி கீழே. எல்லாரும் கட்டைவிரலால் அடிக்கிற கீழ்ஸ்வரத்தை அவர் ஆட்காட்டி விரல் பார்த்துக்கொள்கிறது. பாட்டின் மெட்டைக் கட்டைவிரல் வாசிக்கிறது. இப்படி விரலால் மீட்டும் முறைக்கு அவர் பெயரிலேயே 'காட்டன் பிக்கிங்' என்று பெயர். உலகமெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து அதைத் தங்கள் வலது கையால் செய்ய முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் எட்டு தடவை பார்த்தேன். ஒன்பதாவது தடவை அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்.

முந்தாநாள் வீடியோவில் தம்பி வாசித்ததும் அதே விரல்நடைதான். பாட்டும் அவருடையது, வாசிப்பும் அவருடையது, ஆள் மட்டும் 'தெரியாது'.

"அதான் கிராமி கொடுத்தாங்களே, இன்னும் என்ன?" கொடுத்தாங்க. 1985-ல், தொண்ணூறு வயசு தாண்டினப்புறம். ரெண்டே வருஷத்தில், 1987-ல், சிராகியூஸில் இறந்துபோனார். பெரிய இசைக்காரர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2022-ல். அவசரமே இல்லை, பாருங்க.

இன்னொன்று சொல்லணும். வீட்டில் அவரை ஒழுங்காகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம், 'குட்டித் தங்கச்சி' என்கிற மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டபோது, தானே யோசித்து "எலிசபெத்" என்றிருக்கிறார். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட மனுஷி. அந்தப் பெயரை வீடியோ விவரத்தில் டைப் பண்ணத்தான் உங்களுக்கு விரல் நோகுது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் கமென்ட் காணாமல் போயிருக்கிறது. குழுவிலிருந்து என்னையும் தூக்கிட்டாங்க போல. வீடியோ இருக்கு, 'பாரம்பரியப் பாடல்' என்ற வரியும் அப்படியே இருக்காம், தோழி பார்த்துச் சொன்னாள். ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கு. வேணும்கிறவங்க இன்பாக்ஸ் வாங்க.