முகமூடி இல்லாத காட்சிகளில்தான் படம் நிற்கிறது

காமிக்ஸில் இருப்பதை அப்படியே எடுத்தால்தான் படம் உருப்படும் என்று ரசிகர்களில் ஒரு பாதி சொல்கிறது. காமிக்ஸ் வேறு சினிமா வேறு, இயக்குநரை அவர் போக்கில் விடுங்கள் என்கிறது இன்னொரு பாதி. ஒவ்வொரு சூப்பர் ஹீரோ படம் அறிவிக்கப்படும்போதும் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். எனக்கு இரண்டு பக்கமும் உடன்பாடில்லை. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறானா? நான் கேட்பது அதை மட்டும்தான். அந்த ஆளை நமக்குப் பழக்கப்படுத்திய படங்கள் எதை மாற்றினாலும் தப்பித்திருக்கின்றன. பழக்கப்படுத்தாதவை, காமிக்ஸின் படக் கட்டங்களைப் பேனல் பேனலாக நகலெடுத்தும் கவிழ்ந்திருக்கின்றன.

1978-ல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில், அவன் காதலிக்கும் பத்திரிகையாளர் லோயிஸின் வீட்டில் நடக்கும் ஒரு சின்னக் காட்சி போதும், நான் சொல்வது புரிய. சூப்பர்மேனாக வந்து அவளை வானத்தில் சுற்றிக் காட்டிவிட்டுப் போனவன், கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்ட சாதாரண ஆளாக, அதாவது கிளார்க்காகத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே போகிறாள். அவனாக நடிக்கும் கிறிஸ்டோபர் ரீவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். குறுகியிருந்த தோள் விரிகிறது, முதுகு நிமிர்கிறது, ஆளே சில அங்குலம் வளர்ந்த மாதிரி தெரிகிறார். குரலில் கனம் ஏறுகிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான். அவள் திரும்பி வந்ததும் தைரியம் போய்விடுகிறது. தோள் மறுபடி தொங்குகிறது, கண்ணாடி மறுபடி மூக்கில் ஏறுகிறது. கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை, ஒரு நடிகரின் உடம்பு மட்டும்தான். வெறும் கண்ணாடி போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாமல் போகுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை வரவில்லை. இவ்வளவு பலம் படைத்தவனுக்கு ஒரு பெண்ணிடம் மனதைத் திறக்க வாய் வரவில்லை என்பதும் அங்கேதான் நமக்குத் தெரிகிறது.

காமிக்ஸை அப்படியே எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் தன் உடையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நடந்து போகும் பேனல் 1967-ல் ஸ்பைடர்மேனின் 50-ஆவது இதழில் வந்தது, ஜான் ரொமிட்டா வரைந்தது. 2004-ல் ‘ஸ்பைடர்மேன் 2’ எடுத்தபோது இயக்குநர் சாம் ரெய்மி அதை அச்சு அசலாகத் திரையில் வைத்தார். அது ஏன் அப்படி வேலை செய்தது? அதற்கு முன்னால் அவன் படும் பாட்டை முழுக்கப் பார்த்துவிட்டோம். பீட்சா கொண்டுபோகும் வேலை போய்விட்டது, வாடகை பாக்கி, காதலியின் நாடகத்துக்குத் தாமதமாகப் போய் வாசலிலேயே நிற்கிறான். அந்த உடை குப்பைக்குப் போகும்போது நமக்கே ‘அப்பாடா’ என்றிருக்கிறது.

அதே படத்தின் ரயில் காட்சியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஓடும் ரயிலை வலையால் இழுத்து நிறுத்துகிறான். சட்டை கிழிகிறது, நரம்பு புடைக்கிறது, முகத்தில் முகமூடி இல்லை. ரயில் நின்றதும் மயங்கி விழப் போகிறவனைப் பயணிகள் தாங்கிப் பிடித்து, தலைக்கு மேலாகக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். தன் மகன் வயதுகூட இருக்காதே என்று ஒருவர் திகைக்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியை எடுத்துக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். வில்லன் திரும்பி வரும்போது, எந்தச் சக்தியும் இல்லாத அந்தப் பயணிகள் குறுக்கே நிற்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது. இங்கே முகமூடி இருந்திருந்தால் இந்தக் காட்சியே இல்லை.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். காமிக்ஸில் பீட்டர் வலை பீய்ச்சும் கருவியைத் தானே செய்துகொள்வான், அவன் மூளைக்கு அதுதான் சான்று. 2002-ல் வந்த முதல் படத்தில் வலை மணிக்கட்டிலிருந்தே வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, அவனுடைய அறிவாளித்தனத்தில் ஒரு பங்கு போய்விட்டது உண்மை. ஆனால் இரண்டாவது படத்தில் அவன் மனம் உடையும்போது வலையும் வராமல் நின்றுபோகிறதே, அது கருவியாக இருந்தால் நடந்திருக்காது. மாற்றிய விஷயத்தை அந்த ஆளைக் காட்டவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நேரெதிர் 2016-ல் வந்த ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’. ஃபிராங்க் மில்லரின் 1986 காமிக்ஸிலிருந்து அந்த இருவரின் மோதலை எடுத்தார்கள், கனமான கவசம் உட்பட. மில்லரின் கதையில் பேட்மேன் ஐம்பதைத் தாண்டியவன், சூப்பர்மேனை வருடக்கணக்காக அறிந்தவன். பழைய நண்பனை அடிக்கிறோம் என்ற வலி அந்த அடியில் இருக்கிறது. படத்திலோ இருவரும் சேர்ந்தாற்போல நான்கு வார்த்தை பேசியதில்லை. அப்புறம் அதே படத்தின் முடிவில் சூப்பர்மேனையும் சாகடித்துவிட்டார்கள். அவன் சாவுக்கு அழும் அளவுக்கு அவனோடு நாம் இன்னும் பழகவே இல்லையே!

எக்ஸ்-மென் காமிக்ஸின் டார்க் ஃபீனிக்ஸ் கதைக்கு நடந்தது இன்னும் வருத்தம். அதன் நாயகி ஜீன் கிரே காமிக்ஸில் வந்தது 1963-ல், அந்தக் கதையின் முடிவில் இறந்தது 1980-ல். பதினேழு வருடம் வாசகர்கள் அவளோடு இருந்தார்கள். 2006-ல் வந்த எக்ஸ்-மென் படம் அந்தக் கதையை இன்னொரு கதையோடு சேர்த்துத் திணித்தது. 2019-ல் மறுபடி முயன்றார்கள், அந்த ஜீனை நாம் அதற்கு முன் பார்த்ததோ ஒரே ஒரு படத்தில். கண்ணில் நெருப்பு எரிந்தது, கட்டடங்கள் நொறுங்கின. யாரை இழக்கிறோம் என்றுதான் தெரியவில்லை.

நடிகர் தேர்வுச் சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கேல் கீட்டன் பேட்மேனா என்று கடிதம் கடிதமாக எதிர்ப்பு போனது. ஹீத் லெட்ஜர் பேட்மேனின் வில்லன் ஜோக்கரா என்று கேட்டார்கள். காமிக்ஸில் குள்ளமான எக்ஸ்-மென் நாயகன் வுல்வரினுக்கு ஆறடிக்கு மேல் உயரமான ஹ்யூ ஜாக்மன் வந்தார். மூன்று பேரையுமே ரசிகர்கள் பிறகு கொண்டாடியது எல்லோருக்கும் தெரியும்.

டெட்பூல் பெரும்பாலும் முகமூடியோடுதானே வருகிறான் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2009-ல் வந்த வுல்வரின் படத்தில், ஓயாமல் பேசுபவனின் வாயையே தைத்துவிட்டார்கள். 2016-ல் ‘டெட்பூல்’ படத்தில் அதே நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் திரும்பி வந்தபோது வாய் திரும்பக் கிடைத்தது மட்டும் மாற்றமில்லை. சிதைந்த முகத்தைக் காதலியிடம் காட்டப் பயந்து தள்ளி நிற்பவனை உள்ளே வைத்தார்கள். அவன் அடிக்கும் ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் அந்தப் பயம் கேட்கிறது.

2025 சூப்பர்மேனில் எனக்கு மிகப் பிடித்த காட்சியிலும் பறத்தல் இல்லை. லோயிஸின் வீட்டில், சாதாரண உடையில், அவளுக்குப் பேட்டி கொடுக்க ஒப்புக்கொள்கிறான். அவள் நிஜமான பத்திரிகையாளராகக் கேள்வி கேட்கிறாள்: யாரைக் கேட்டு இன்னொரு நாட்டின் போரில் தலையிட்டாய்? அவன் முதலில் சிரித்துச் சமாளிக்கிறான், அப்புறம் திணறுகிறான், கடைசியில் மக்கள் சாகப் போகிறார்கள் என்று குரல் உயர்ந்துவிடுகிறது. காதலியிடம் வாக்குவாதத்தில் தோற்கிற, ஆனால் தான் செய்தது சரி என்பதில் துளியும் அசையாத ஒருவன். அந்தக் காட்சிக்குப் பிறகு அவன் வாங்கிய ஒவ்வொரு அடியும் எனக்கு வலித்தது.