ஆன்கோட்ஸ் ஆலைகளை ஓட்டியது கால்வாய்த் தண்ணீர் அல்ல

மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு, “ராச்டேல் கால்வாய் நீரில் சுழன்ற நீர்ச்சக்கரங்கள்தாம் இங்குள்ள பஞ்சாலைகளை ஓட்டின” என்று ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். அதை நம்பிப் போனால் இல்லாத சக்கரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கால்வாய் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும் நீர்; அதற்குச் சக்கரத்தைச் சுழற்றும் வேகம் ஏது? ஆன்கோட்ஸ் ஆலைகள் நீராவியில் ஓடியவை. மர்ரே சகோதரர்கள் 1798இல் எழுப்பிய ‘ஓல்டு மில்’ இன்றும் நிற்கிறது. கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டதோ 1804இல்தான். கால்வாயால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. நிலக்கரி அதில்தான் வந்தது, இயந்திரத்துக்கு வேண்டிய நீரும் அதிலிருந்துதான். மர்ரே ஆலையின் நடுமுற்றத்தில் படகுகளுக்கென்றே ஒரு குளம் வெட்டி, தெருவுக்கு அடியில் சுரங்கம் அமைத்துக் கால்வாயோடு இணைத்திருந்தார்கள். சக்கரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு அந்த முற்றத்தைப் பாருங்கள்.

நீர்ச்சக்கரம்தான் வேண்டும் என்றால் ஸ்டையல் கிராமத்தில் 1784இல் தொடங்கிய குவாரி பேங்க் ஆலைக்குப் போகலாம். அது ஆற்றங்கரை ஆலை.

இன்னொன்று: பெயரைப் பார்த்து நினைப்பதுபோல், ஆன்கோட்ஸிலுள்ள ‘ராயல் மில்’ ஆலை அரச குடும்பம் கட்டியதும் அல்ல. 1912இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு, 1942இல் அரசரும் அரசியும் வந்துபோன பிறகே அந்தப் பெயர் வந்தது.