போனுக்கு வந்த டியூஸ் எக்ஸ்

சைபர்பங்க், அதாவது தொழில்நுட்பமும் பெருநிறுவனங்களும் ஆட்டிப்படைக்கும் எதிர்கால உலகில் நடக்கும் வீடியோ ஆட்டம் என்றதும் மழை, நியான் விளக்கு, இரும்புக் கை என்று அடுக்குவார்கள். டியூஸ் எக்ஸ் தொடரில் அதெல்லாம் மேல்பூச்சு. 2000-இல் வந்த முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவில் நம்மை இறக்கிவிடுவார்கள், சிலைக்குள் போக வேண்டும். காவலுக்கு ஆட்களும் ரோபோவும். சுட்டுக்கொண்டே நுழையலாம். தோட்டாவை வீணாக்க மனமில்லையா, தீவில் ஒதுங்கி நிற்கும் ஓர் ஆளைத் தேடிப் பிடித்துப் பேசி முன்கதவுச் சாவியை வாங்கலாம். இல்லாவிட்டால் பின்பக்கம் அடுக்கிய பெட்டிகள்மேல் ஏறிப் போகலாம். எது சரி என்று யாரும் சொல்வதில்லை, உன் இஷ்டம். எனக்கு இந்தத் தொடரின் உயிரே அதுதான். போனுக்குக் கொண்டுவரும்போது முதலில் கழன்று விழுவதும் அதுதான்.

2013-இல் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் வந்த ‘டியூஸ் எக்ஸ்: தி ஃபால்’ பார்க்க அசல் மாதிரியே இருந்தது. ஆனால் இடது கட்டைவிரலில் நடை, வலது கட்டைவிரலில் பார்வை, சுட இன்னொரு விரல் எங்கே? பாதித் திரையை நம் கையே மறைத்துவிடும். சரி, அது பழகிவிடும். எனக்கு உறுத்தியது வேறு: நின்ற இடத்திலேயே மெனுவைத் திறந்து தோட்டா வாங்கலாம். கையில் தோட்டா குறைந்தால்தானே மனிதன் சண்டையைத் தவிர்த்து ஊர்ந்து போகக் காற்றுக்குழாயைத் தேடுவான்! அதற்கான அவசியமே போய்விட்டது.

அதைவிடக் கூத்து, வெளியானபோது ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிள் போட்ட பூட்டுகளை உடைத்த போனில் துப்பாக்கி சுடவே சுடாது. காசு கொடுத்து வாங்கியவருக்கும் அதே கதி. கண்ணில் பட்ட கணினியையெல்லாம் ஹேக் செய்கிற நாயகன், ஆனால் ஆடுகிறவர் தன் சொந்த போனில் கை வைத்தால் குற்றம்! எதிர்ப்பு கிளம்பியதும் ஆட்டத்தை வெளியிட்ட ஸ்குயர் எனிக்ஸ் நிறுவனம் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

அப்புறம் 2016-இல் ‘டியூஸ் எக்ஸ் கோ’. ஸ்குயர் எனிக்ஸ் மாண்ட்ரியால் குழு துப்பாக்கிச் சண்டையையே விட்டுவிட்டு, ஒரு விரலில் ஆடும் புதிராக மாற்றியது. நாம் ஓர் அடி வைத்தால் எதிரியும் ஓர் அடி வைப்பான். கணினி முனையத்திலிருந்து விரலால் ஒரு கோடு இழுத்தால், நம்மைக் குறிவைத்த தானியங்கித் துப்பாக்கி நம் பக்கம் சேர்ந்துவிடும். ஹேக் செய்வது விரலுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறை உண்டு. பெரும்பாலான புதிர்களுக்கு ஒரே விடைதான், ‘உன் இஷ்டம்’ இங்கேயும் இல்லை. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு முறையாக யோசித்து ஆடுவதும் தொடுதிரையும் நன்றாக ஒத்துப்போகும். அந்த வடிவத்தில் ஒரு புதிருக்கு மூன்று வழி வைத்திருந்தால் போதும், நாம் கேட்கிற ஆட்டம் அதுதான்.

அதற்கு வாய்ப்பே தரவில்லை. 2022-இல் எம்பிரேசர் குழுமம் அந்த ஸ்டூடியோவை வாங்கியது, அதே ஆண்டு நவம்பரில் மூடுவதாகவும் அறிவித்தது. 2023 ஜனவரி 4-க்குப் பிறகு, ‘கோ’வை ஏற்கெனவே வாங்கியவர்களும் ஆட முடியாது என்றார்கள். தனியாக உட்கார்ந்து ஆடும் புதிர் ஆட்டம் ஐயா இது! பெருநிறுவனங்கள் மனிதனின் உடம்புக்கே பூட்டுப் போடுவதைப் பற்றி இத்தனை வருஷம் கதை சொன்ன தொடருக்கு இந்த நிலைமை.

புதிய மொபைல் ஆட்டமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்தக் ‘கோ’வை இணையமே தேவைப்படாமல் ஓடும்படி செய்து திரும்பக் கடையில் வையுங்கள். இன்னொரு தடவை காசு கொடுக்க நான் தயார்.