50 நிமிட ஆட்டமா? யூத் பெண்கள் ஹேண்ட்பால் பற்றிய தவறான தகவல்

"18 வயதுக்குட்பட்ட பெண்கள் உலக ஹேண்ட்பால் போட்டியில் 50 நிமிடம்தான் ஆட்டம், பந்தும் சிறுமிகளுக்கானது, ஐரோப்பாவைத் தவிர யாரும் வென்றதில்லை" என்று சுற்றும் தகவல் தவறு.

16 வயது தொடங்கினால் 30 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள், மொத்தம் 60. இரண்டு 25 நிமிடப் பாதிகள் என்பது 12 முதல் 16 வயதினருக்கு. குழப்பம் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

பந்து 2ஆம் எண்: சுற்றளவு 54–56 செ.மீ., எடை 325–375 கிராம். மூத்த பெண்கள் அணிகளும் இதே அளவில்தான் ஆடுகின்றன. சிறுமிகளுக்கான 1ஆம் எண் பந்து 50–52 செ.மீ. மட்டுமே. இரண்டையும் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஐரோப்பா பற்றிய மூன்றாவது கூற்றுக்கு 2022 போதும்: வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்ஜேயில் நடந்த இறுதிப் போட்டியில் டென்மார்க்கை 31–28 என வீழ்த்தியது தென் கொரியா.