வருகைப் பதிவேடும் உகாண்டாவின் முப்பது கிராமங்களும்

சமூகப்பணி படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், பெண்கள் குழுக் கூட்டம் பற்றிய மாத அறிக்கையில் 'பலன்' என்ற கட்டத்தில் ஒரே வரியைத்தான் ஒவ்வொரு முறையும் நிரப்பினேன்: 'உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசினர்.' பேசினார்கள்தான். அதனால் அவர்களுக்கு என்ன மாறியது என்று மேலிருந்து யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் தேநீர்ச் செலவுக்கு ரசீதும் இருந்தால் போதும்.

அந்த வரியை நினைத்து நான் வெட்கப்பட்டது, 2003இல் வெளிவந்த உகாண்டா ஆய்வைப் படித்தபோது. எய்ட்ஸ் நோயால் நொடிந்துபோயிருந்த தென்மேற்கு மாவட்டங்களான மசாக்கா, ரக்காயில் ஆய்வாளர் பால் போல்ட்டன் குழுவினர் 30 கிராமங்களை எடுத்துக்கொண்டனர். மனச்சோர்வை ஊர்மக்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் விசாரித்து, 'தன்னையே வெறுப்பது', 'தன்னை எண்ணித் தானே இரங்குவது' என்று பொருள்படும் இரண்டு உள்ளூர்ச் சொற்களைக் கண்டறிந்து, அவற்றின் துணையோடு பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் கண்டனர். பிறகு குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிக் கிராமங்களில், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே வாரம் ஒன்றரை மணி நேரம் என 16 வாரங்கள், பேச்சின் வழியே மனச்சோர்வைத் தீர்க்க முயலும் சிகிச்சைக் குழுக்களை நடத்தினர். அங்கே ஆய்வில் சேர்ந்தவர்களில் மனச்சோர்வு கொண்டோர் 86 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகக் குறைந்தனர்.

கருத்தரங்குகளில் இந்த எண்ணோடு பேச்சை முடித்துவிடுகிறோம். குழு எதுவும் நடக்காத கிராமங்களிலும் 94 விழுக்காடு 54.7 ஆக இறங்கியது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒப்பிட அந்த ஊர்கள் இல்லாதிருந்தால், தானாகத் தேறியவர்களையும் குழுவின் கணக்கிலேயே வரவு வைத்திருப்பார்கள். என் அறிக்கைகளில் நான் செய்ததும் அதுதான். மேலும், ஒப்பீட்டு ஊர்களில் வேறு எந்தக் கூட்டமும் நடத்தப்படாததால், தேற்றியது அந்தச் சிகிச்சை முறையா, வாரந்தோறும் உட்கார்ந்து கேட்க ஆள் கிடைத்ததா என்று இந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

குழு என்றாலே நன்மைதான் என்று நம்புகிறவர்கள், அமெரிக்காவில் டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரையைப் படிக்க வேண்டும். வழிதவறும் அபாயத்திலிருந்த பதின்வயதினரை ஒன்றாக உட்கார வைத்த குழுக்களில் புகைப்பழக்கமும் பள்ளியில் ஒழுங்கீனமும் கூடின. ஒருவன் தன் சேட்டையைச் சொல்ல மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இப்போது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பெண்களிடமும் குழுவில் இருப்பவர்களிடம் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்டு எழுதி வைக்கிறேன். சென்ற சுற்றில், தூக்கம் பற்றிய கேள்வியில் இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். நிதி தருபவரிடமிருந்து, அந்தப் பத்தியை நீக்க முடியுமா என்று கேட்டு மறுநாளே மின்னஞ்சல் வந்தது.